எல்லை தாண்டியவரும் ஊரைக் கட்டியவரும்: மெக்சிகர்கள் பற்றிய செய்தியை எப்படிப் படிப்பது?

ஆந்த்ரேஸ் பெர்மூடெஸ் மெக்சிகோவின் சகாதேகாஸ் மாநிலத்தில், ஹெரெஸ் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1970-களில் காரின் டிக்கிக்குள் ஒளிந்து அமெரிக்க எல்லையைத் தாண்டினார். கலிபோர்னியாவின் தக்காளி வயல்களில் கூலியாகத் தொடங்கி, சொந்தமாக விவசாயம் செய்யும் அளவுக்கு வளர்ந்தார். தக்காளி நாற்று நடும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்துக் கைநிறையச் சம்பாதித்தார். ‘தக்காளி ராஜா’ என்று பட்டப்பெயரே வந்தது. 2001-இல் ஹெரெஸின் மேயர் தேர்தலில் நின்று ஜெயித்தார். உள்ளூரில் போதிய காலம் குடியிருக்கவில்லை என்று தேர்தல் தீர்ப்பாயம் அந்த வெற்றியை ரத்து செய்தது. அதையொட்டி எழுந்த சர்ச்சையில் சகாதேகாஸ் 2003-இல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் வாழ்பவரும் போட்டியிட வழிசெய்தது. மாநிலச் சட்டமன்றத்தில் புலம்பெயர்ந்தோருக்கு இரண்டு இடங்களும் ஒதுக்கியது. 2004-இல் மறுபடி நின்று மேயரானார் பெர்மூடெஸ்.

இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எல்லை தாண்டிய அன்று கேமராவில் சிக்கியிருந்தால் ‘சட்டவிரோதக் குடியேறி’. மேயர் நாற்காலியில் உட்கார்ந்த அன்று ‘ஊருக்கு உழைக்கத் திரும்பிய மண்ணின் மைந்தன்’. ஆள் ஒருவர்தான். செய்தி எந்த ஆண்டில் அவரைப் பிடித்தது என்பதை வைத்துத் தலைப்பு மாறுகிறது.

மெக்சிகர்களைப் பற்றி வரும் செய்திகளில் பெரும்பகுதி இந்த இரண்டு வார்ப்புகளில் ஒன்றில் அடங்கிவிடும். ஒன்று, நாட்டை விட்டு ஓடி இன்னொரு நாட்டில் அனுமதியின்றி நுழைபவர். மற்றொன்று, சொந்த ஊரிலேயே நின்று பள்ளிக்கூடமும் சாலையும் காடும் காப்பவர். முதலாமவரைப் பார்த்து ‘இரண்டாமவரைப் போல இருக்கக் கூடாதா?’ என்று கேட்பது பத்தி எழுத்தாளர்களுக்கு வாடிக்கை. கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் பல மெக்சிக ஊர்களில் இவர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், சமயத்தில் ஒரே ஆளாகவும் இருக்கிறார்கள். அதைக் கண்ணில் படாமல் செய்வது எது என்று விளக்க ஊடக ஆய்வில் ஒரு கருத்து இருக்கிறது: சட்டகம்.

சட்டகம் என்றால்

பொய்ச் செய்தியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சட்டகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு தகவலும் உண்மையாகவே இருக்கலாம். எதைக் காட்டுவது, எதை விடுவது, கதையை எந்த ஆண்டில் தொடங்கி எங்கே நிறுத்துவது, யாரிடம் கருத்துக் கேட்பது என்ற தெரிவுகளின் மொத்தம்தான் சட்டகம். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் என்ட்மன் 1993-இல் இதற்கு எளிய இலக்கணம் ஒன்று சொன்னார். சட்டகம் நான்கு வேலை செய்கிறது: இதுதான் பிரச்சினை என்று சொல்கிறது, அதற்குக் காரணம் யார் அல்லது எது என்கிறது, சரி தவறு என்று தீர்ப்பு எழுதுகிறது, கடைசியில் தீர்வு காட்டுகிறது. நான்கும் எல்லாச் செய்தியிலும் வெளிப்படையாக இருக்காது. இரண்டைச் சொன்னால் மீதி இரண்டை வாசகர் தாமாகவே நிரப்பிக்கொள்வார். சட்டகத்தின் பலமே அங்கேதான்.

நான்கும் பிசிறில்லாமல் பொருந்தும் உதாரணம் 1994-இல் கிடைக்கிறது. கலிபோர்னிய ஆளுநர் பீட் வில்சன் மறுதேர்தலுக்கு நின்றபோது ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டார். சான் டியாகோவுக்குத் தெற்கே சான் இசீத்ரோ எல்லைச் சாவடி, கறுப்பு வெள்ளையில், மங்கலாக. நெடுஞ்சாலையில் கார்களுக்கு இடையே புகுந்து ஆட்கள் ஓடுகிறார்கள். ‘வந்துகொண்டே இருக்கிறார்கள்’ என்கிறது பின்னணிக் குரல். பிரச்சினை சொல்லியாயிற்று. மத்திய அரசு அவர்களைத் தடுக்கவில்லை என்கிறது அடுத்த வரி. அது காரணம். உழைத்து வரி கட்டிச் சட்டத்துக்குக் கட்டுப்படும் கலிபோர்னியர்கள் தலையில் செலவு விடிகிறது. இது தீர்ப்பு. மத்திய அரசு மீது வழக்குப் போடுகிறேன், அவர்களுக்கு மாநில அரசின் சேவைகளை மறுக்கப் பாடுபடுகிறேன் என்று வில்சனே வந்து சொல்கிறார். இது தீர்வு. ஆவணமற்றவர்களுக்குப் பொதுப் பள்ளியையும் அவசரமல்லாத மருத்துவத்தையும் மறுக்கும் ‘முன்மொழிவு 187’ மக்கள் வாக்கெடுப்பில் அந்த நவம்பரில் ஏறத்தாழ 59 சதவீத வாக்கோடு நிறைவேறியது, வில்சனும் வென்றார். நீதிமன்றம் அந்தச் சட்டத்தை முடக்கியது தனிக் கதை.

அந்தக் காட்சியில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். ஓடுபவர்களுக்கு முகம் இல்லை, பேச்சும் இல்லை. அவர்களை வேலைக்கு எடுக்கப்போகும் பண்ணைக்காரரோ கட்டட ஒப்பந்தக்காரரோ இல்லை. 1942 முதல் 1964 வரை ‘பிராசேரோ’ திட்டத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் போட்டு மெக்சிக விவசாயத் தொழிலாளர்களை அமெரிக்காவே அழைத்துவந்த வரலாறு இல்லை. அந்தத் திட்டம் நின்ற பிறகும் அதே வயல்கள், அதே வேலை, அதே ஊர்க்காரர்கள். அனுமதித் தாள் மட்டும் இல்லாமல் போனது. கதையை 1942-இல் தொடங்கினால் ஒரு தீர்ப்பு வரும், எல்லைச் சாவடியில் தொடங்கினால் வேறு தீர்ப்பு வரும்.

தொலைக்காட்சிச் செய்தி பற்றி ஊடக ஆய்வாளர் ஷாந்தோ ஐயங்கார் செய்த சோதனைகளும் இங்கே உதவும். ஒரு சம்பவத்தை, ஒரு தனி ஆளைக் காட்டும் செய்தியைப் பார்த்தவர்கள் பொறுப்பை அந்த ஆள் மீதே சுமத்தும் போக்கு அதிகம். பின்புலத்தோடு சொன்ன செய்தியைப் பார்த்தவர்கள் அரசையும் சமூகத்தையும் நோக்கித் திரும்பினார்கள். எல்லைச் செய்தி இயல்பாகவே சம்பவச் செய்திதான். பிடிபட்டார்கள், லாரியில் கண்டெடுக்கப்பட்டார்கள், வேலி உயர்த்தப்பட்டது. ஊரில் ஒரு குடிநீர்க் குழாய் பத்தாண்டாகப் பழுதில்லாமல் ஓடுவது சம்பவமே அல்ல. எனவே ஊரைத் திருத்துபவர் செய்தியில் வர, திறப்பு விழாவோ கலவரமோ தேவைப்படுகிறது.

நாயகச் சட்டகமும் சட்டகம்தான்

புலம்பெயர்ந்தவரை மெக்சிகோவுக்குள் எப்படிப் பார்த்தார்கள் என்பதும் ஒரே சீராக இருந்ததில்லை. நெடுங்காலம் அவர்கள் பாதி அந்நியர்கள். விடுமுறைக்கு ஊர் திரும்புபவர்களிடம் சுங்கத்திலும் சாலையிலும் அதிகாரிகளே பணம் பறித்ததால்தான் 1989-இல் அவர்களைக் காக்க ‘பைசானோ’ என்ற அரசுத் திட்டம் வந்தது. 2000-இல் ஆட்சிக்கு வந்த அதிபர் விசென்தே ஃபாக்ஸ் அவர்களை நாயகர்கள் என்று மேடைதோறும் புகழ்ந்தார். 2018-க்குப் பின் அதிபர் லோபெஸ் ஒப்ரதோரும் அதே பாட்டைப் பாடினார். காரணம் பணம். மெக்சிகோ மத்திய வங்கியின் கணக்குப்படி 2024-இல் வெளிநாட்டிலிருந்து குடும்பங்களுக்கு வந்த தொகை சுமார் 6,470 கோடி டாலர். அதில் 96 சதவீதத்துக்கும் மேல் அமெரிக்காவிலிருந்து. ஒரு தடவை அனுப்பும் சராசரித் தொகை 400 டாலரைக்கூடத் தொடவில்லை. மாதாமாதம் பிள்ளைகள் அம்மாவுக்கு அனுப்பும் செலவுக் காசு கோடிக்கணக்கான தடவை சேர்ந்துதான் அந்த மலை. மிச்சோவகான், சகாதேகாஸ் போன்ற மாநிலங்களில் அது உள்ளூர்ப் பொருளாதாரத்தில் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இந்தச் செய்தியின் வழக்கமான படம் ஒன்று உண்டு: கலிபோர்னிய பாணியில் தூண் வைத்து, கேரேஜ் வைத்துக் கட்டிய பெரிய வீடு. உள்ளே யாரும் இல்லை. அல்லது பாதியில் நின்ற வீடு; மாடியில் அடுத்த தளத்துக்காக விட்ட இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். ‘நம்பிக்கைக் கம்பிகள்’ என்பது மெக்சிகோவில் அவற்றுக்குக் கேலியாக வழங்கும் பெயர். நம் ஊர் மொட்டைமாடிகளில் நிற்கும் அதே கம்பிகள்தான். படத்தின் கீழே ‘முன்னேற்றம்’ என்றும் எழுதலாம், ‘வீணடிப்பு’ என்றும் எழுதலாம். வீட்டுச் செலவுக்கு வரும் பணத்தைப் பொது முன்னேற்றத்துக்கான முதலீடு போலக் காட்டுவதுதான் நாயகச் சட்டகத்தின் பெரிய பிழை. அந்தப் பணத்தில் பெரும்பகுதி சோறு, மருந்து, படிப்பு, வாடகை, பழைய கடன் என்று போய்விடும். அப்படிப் போவதில் தவறும் இல்லை, அது கூலிப் பணம். அதை வைத்துச் சாலை போடவில்லையே என்று தொழிலாளியைக் கேட்பது, அரசைக் கேட்க வேண்டிய கேள்வி முகவரி தப்பிப் போனது.

உண்மையிலேயே பொதுக் காரியத்துக்குப் போன பணம் எது என்றால் அது வேறு வழியில் வந்தது.

மூன்றுக்கு ஒன்று: பணம் எப்படி நகர்ந்தது

லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ போன்ற நகரங்களில் மெக்சிகர்கள் ஊர்வாரியாகச் சங்கம் வைத்திருக்கிறார்கள். நடனம், குலுக்கல் பரிசு, ரோடியோ, ஊர்ப் புனிதரின் திருவிழா என்று நடத்திக் காசு சேர்ப்பார்கள். ஆரம்பத்தில் அது மாதா கோயில் கூரைக்கும், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பவும் போனது. 1986-இல் சகாதேகாஸ் மாநில அரசு, சங்கம் ஒரு டாலர் போட்டால் நாங்களும் ஒரு டாலர் போடுகிறோம் என்றது. 1990-களில் மத்திய அரசும் சேர்ந்து அது இரண்டாகியது, 1999-இல் நகராட்சியும் சேர்ந்து மூன்றாகியது. 2002-இல் நாடு முழுவதற்குமான மத்திய அரசுத் திட்டமாக விரிந்தது. ‘த்ரெஸ் போர் ஊனோ’, அதாவது மூன்றுக்கு ஒன்று. சங்கம் 10,000 டாலர் திரட்டினால் மத்திய, மாநில, நகராட்சி அரசுகள் தலா 10,000 போட்டு, 40,000 டாலருக்கு வேலை நடந்தது.

நடைமுறை இப்படி இருந்தது. வெளிநாட்டில் வாழும் மெக்சிகர்கள் குறைந்தது பத்துப் பேர் சேர்ந்து சங்கம் அமைத்து, அருகிலுள்ள மெக்சிகத் துணைத் தூதரகத்தில் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. சங்கம் வேலையைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பித்தது. மத்திய, மாநில, நகராட்சி, சங்கப் பிரதிநிதிகள் கூடிய குழு வரிசைப்படுத்தி ஒப்புதல் தந்தது. ஒரு கட்டுமான வேலைக்கு மத்திய அரசு தரும் பங்குக்கு உச்சவரம்பு இருந்தது. பிற்கால விதிகளில் அது பொதுவாக 10 லட்சம் பேசோ (மெக்சிகோ நாணயம்). ஊரில் இருக்கும் உறவினர்கள் ‘கண்ணாடிச் சங்கம்’ என்ற பெயரில் வேலையை மேற்பார்வை பார்த்தார்கள். சிமென்ட் மூட்டை எத்தனை இறங்கியது என்று எண்ணியவர் பெரும்பாலும் யாரோ ஒருவரின் மாமா.

குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பம், சாலைக்குத் தளம், வகுப்பறை என்று ஏராளமாக எழுந்தன. சிக்கல்களும் எழுந்தன. பணம் போடச் சங்கம் இருந்தால்தான் அரசுப் பணம் வரும் என்பதால், புலம்பெயர்ந்த வரலாறு நீளமான சகாதேகாஸ், ஹாலிஸ்கோ ஊர்கள் நன்றாகப் பெற்றன. சங்கமே இல்லாத பரம ஏழை நகராட்சிகள் வெறுங்கையோடு நின்றன. மத்தியில் ஆண்ட கட்சியின் கையில் இருந்த நகராட்சிகளுக்குச் சாய்வு இருந்ததாக ஆய்வுகள் காட்டின. மத்திய அரசுப் பங்கை அந்த நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டியிருந்தது. மெக்சிகோவில் நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது. நகராட்சி தன் பங்கை இழுத்தடித்தபோது வேலை கடைசி மாதங்களில் அள்ளித் தெளித்த கோலமாக முடிந்தது. மேயரோ ஒப்பந்தக்காரரோ சங்கத்தின் பங்கைத் தாமே கட்டி, பெயருக்கு ஒரு சங்கத்தைக் காட்டிய ‘பேய்ச் சங்கங்கள்’ பற்றிய புகார்களும் நிறைய. கட்டி முடித்த பிறகு பராமரிப்புச் செலவு யார் தலையில் என்று விதியில் இருந்தாலும் நடைமுறையில் யார் தலையிலும் இல்லை. தவிர, வெளியூரில் இருப்பவருக்கு ஊர் என்றால் நினைவு வருவது கோயிலும் சதுக்கமும் குதிரையேற்ற அரங்கும். ஊரில் இருப்பவருக்குத் தேவை மருத்துவரும் வேலையும். இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது.

அளவையும் மறக்கக் கூடாது. உச்சத்தில் இருந்தபோதும் இந்தத் திட்டத்தின் மொத்தத் தொகை வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் ஒரு சதவீதத்தை எட்டவில்லை. 2020-ஆம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கீடே இல்லாமல் போனது. ‘நாயகர்கள்’ என்று புகழ்ந்த அதே ஆட்சியில்தான். இந்த முரணைப் பெரும்பாலான நாயகச் செய்திகள் தொடவே இல்லை.

இதில் ஆரம்பக்காரர் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் ஒன்றுதான். அந்தச் சங்க உறுப்பினர்களில் பலர் ஒரு காலத்தில் அனுமதியின்றி எல்லை தாண்டியவர்கள். 1986-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தில் ஏறத்தாழ 27 லட்சம் பேர் சட்டப்படியான குடியிருப்பு பெற்றார்கள், அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகர்கள். தாள் கிடைத்ததும் அச்சமின்றிக் கூட்டம் போட, கணக்குத் திறக்க, ஊருக்குப் போய்வர முடிந்தது. சங்கங்கள் அதன் பிறகு செழித்ததில் வியப்பில்லை. ‘சட்டவிரோதக் குடியேறி’ செய்திக்கும் ‘ஊருக்குப் பள்ளி கட்டியவர்’ செய்திக்கும் நடுவே இருப்பது பல நேரம் பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளியும் ஓர் அடையாள அட்டையும்தான்.

எண்கள் எங்கே வழுக்கும்

எல்லைச் செய்தியில் அதிகம் வரும் எண், பிடிபட்டோர் எண்ணிக்கை. அது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, தடவைகளின் எண்ணிக்கை. ஒருவரே மூன்று முறை பிடிபட்டால் கணக்கில் மூன்று. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி, பிடித்தவர்களை உடனடியாகத் திருப்பி அனுப்பும் முறை வந்ததும் அவர்கள் மறுநாளே மறுபடி முயன்றார்கள். 2019 நிதியாண்டில் 7 சதவீதமாக இருந்த மறுமுயற்சி விகிதம் 2021-இல் 27 ஆனது. எண் ஏறியதில் ஒரு பகுதி புதிய ஆட்கள் அல்ல, பழைய ஆட்களின் புதிய முயற்சி. அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது என்பதையும் மறந்துவிட்டால், இரண்டு வெவ்வேறு காலங்களை ஒரே ஆண்டென்று ஒப்பிடும் தவறு நேரும்.

அடுத்த வழுக்கல்: எல்லையில் நிற்பவர் எல்லாம் மெக்சிகர் என்று எண்ணுவது. 2000-இல் அது ஏறத்தாழ சரி. எல்லைக் காவல் படை பிடித்த 16 லட்சத்துச் சொச்சத்தில் கிட்டத்தட்ட அனைவரும் மெக்சிகர்கள். 2023 நிதியாண்டில் தென்மேற்கு எல்லையில் பதிவான ஏறத்தாழ 25 லட்சத்தில் மெக்சிகர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெனிசுவேலா, குவாத்தமாலா, ஹொண்டுராஸ் என்று மற்ற நாட்டவர் மிகுதி. செய்தியின் படத்தில் மட்டும் மெக்சிகோ கொடி மாறவில்லை.

மூன்றாவது, திரும்பியவர்களை எண்ணாதது. பியூ ஆய்வு மையம் 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி 2005 முதல் 2010 வரை மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா போனவர்கள் சுமார் 14 லட்சம், அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ போனவர்களும், அங்கே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, சுமார் 14 லட்சம். வரவும் போக்கும் சமம். 2009–2014-இல் திரும்பியவர்களே கூடுதல். ஆவணமற்ற மெக்சிகர்களின் எண்ணிக்கை 2007-இல் ஏறத்தாழ 69 லட்சமாக இருந்து 2022-இல் 40 லட்சம் அளவுக்கு இறங்கியது. ‘வந்துகொண்டே இருக்கிறார்கள்’ என்ற வரியை இந்த ஆண்டுகளில் எழுதியவர்கள் எதைப் பார்த்து எழுதினார்களோ தெரியவில்லை. வருவதைக் காட்ட வேலியோரம் ஒரு கேமரா போதும். திரும்புவது பேருந்திலும் விமானத்திலும் சாதாரணப் பயணமாக நடப்பதால் படமே இல்லை.

‘முதலில் உன் நாட்டைத் திருத்து’

இந்த வாக்கியத்துக்குள் ஒரு பொருளாதாரக் கணிப்பு ஒளிந்திருக்கிறது: நாடு முன்னேறத் தொடங்கினால் வெளியேற்றம் உடனே குறையும் என்பது. நீண்டகாலத்தில் சரி, குறுகிய காலத்தில் நேர்மாறு. அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆய்வுக் குழுவே 1990-இல், வளர்ச்சி முதல் கட்டத்தில் குடிபெயர்வைத் தூண்டும் என்று எழுதிவைத்தது. பரம ஏழையிடம் எல்லை கடத்திவிடும் தரகருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. கையில் கொஞ்சம் காசும், அங்கே ஒரு சொந்தக்காரரும், வானொலியில் கேட்ட சங்கதியும் சேர்ந்தால்தான் ஆள் கிளம்புவார். வெளியேற்றம் முதலில் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். இதை ‘குடிபெயர்வுத் திமில்’ என்பார்கள்.

மெக்சிகோ அந்தத் திமிலின் பாடநூல். 1994 ஜனவரி 1-இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. மெக்சிகோ இனி பொருளை ஏற்றுமதி செய்யும், ஆளை அல்ல என்று அதிபர் சலீனாஸ் வாதாடியிருந்தார். வட எல்லையில் தொழிற்சாலைகள் பெருகின. தெற்கிலும் நடுவிலும், மானியம் பெற்ற அமெரிக்க மக்காச்சோளத்தோடு போட்டிபோட முடியாமல் சிறு விவசாயி நசிந்தார். அதே டிசம்பரில் பேசோ சரிந்து நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 2000 வரை வெளியேற்றம் ஏறியது. பிறகு இறங்கியதற்கு வேலியும் 2008-இல் அமெரிக்கக் கட்டுமானத் துறை படுத்ததும் மட்டும் காரணமல்ல. 1970 வாக்கில் ஒரு தாய்க்கு ஏறத்தாழ ஏழு குழந்தைகள் என்றிருந்த மெக்சிகோவில் 2010-களில் அது இரண்டை ஒட்டி வந்துவிட்டது. கிளம்ப வேண்டிய வயதில் இருந்த பையன்களின் தொகையே சுருங்கியது. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய செய்தியை எல்லைச் செய்தியோடு சேர்த்துப் படிப்பவர் அபூர்வம்.

வேலி பற்றி ஒன்று. 1993-இல் எல் பாசோவிலும் 1994-இல் சான் டியாகோவிலும் நகரப் பகுதிகளை இறுக்கினார்கள். கடப்பவர்கள் அரிசோனாப் பாலைவனத்துக்குத் திரும்பினார்கள். தரகர் கூலி பலமடங்கு ஏறியது. அறுவடைக்குப் போய் டிசம்பரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர், மறுபடி அந்தப் பாலைவனத்தைக் கடக்க அஞ்சி அங்கேயே தங்கிக் குடும்பத்தையும் வரவழைத்தார். 1996-இல் வந்த சட்டம் இன்னொரு பூட்டு போட்டது: 180 நாளுக்கு மேல் அனுமதியின்றி இருந்து வெளியேறினால் மூன்றாண்டும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் பத்தாண்டும் திரும்பி வரத் தடை. ஊருக்குப் போய்வருவதே தண்டனைக்குரியதானால் யார் போவார்? டக்ளஸ் மாசே உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதைத்தான்: வருபவரைத் தடுக்கப் போட்ட வேலி, போகிறவரைத் தடுத்துவிட்டது.

‘வரிசையில் நின்று வரலாமே’ என்பது இதன் இரட்டைப் பிறவி. எந்த வரிசை? அமெரிக்கக் குடிமகனின் உடன்பிறப்பு என்ற முறையில் விண்ணப்பித்த மெக்சிகர் இருபது ஆண்டுக்கு மேல் காத்திருக்கிறார். படிப்போ சிறப்புத் திறனோ கேட்காத வேலைகளுக்கான நிரந்தரக் குடியிருப்பு, உலகம் முழுமைக்கும் சேர்த்து, ஆண்டுக்கு 10,000-ஐத் தாண்டாது. உண்மையில் நகரும் ஒரே வரிசை விவசாயத்துக்கான தற்காலிக விசா. அதற்கு உச்சவரம்பு இல்லை. அண்மை ஆண்டுகளில் வழங்கப்பட்டவை மூன்று லட்சத்தை ஒட்டி, பத்தில் ஒன்பது மெக்சிகர்களுக்கு. ஆனால் முதலாளி விண்ணப்பித்தால்தான் அது கிடைக்கும், பருவம் முடிந்தால் காலாவதி.

ஊரில் நின்றவர்கள்

மிச்சோவகான் மாநிலத்தின் சேரான், புரேபெச்சாப் பழங்குடியினரின் ஊர். ஆயுதக் கும்பல்களின் பாதுகாப்போடு மரக்கடத்தல்காரர்கள் அதன் பைன் காட்டை அழித்துவந்தார்கள், ஊர் நீர்ச்சுனையையும் நெருங்கினார்கள். 2011 ஏப்ரல் 15 விடியற்காலை, பெண்கள் முன்னின்று லாரிகளை மறித்தார்கள். கோயில் மணி அடித்தது. ஊர் நுழைவாயில்களில் தடுப்பு, தெருமுனைதோறும் இரவு நெருப்பு; அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துதான் முடிவுகள் எடுத்தார்கள். கட்சிகளையும் காவல்துறையையும் வெளியேற்றினார்கள். தங்கள் மரபுப்படி ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அதே ஆண்டு நவம்பரில் தேர்தல் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. நான்கு பகுதிகளிலிருந்து மூவர் வீதம் பன்னிருவர் கொண்ட மன்றம் ஆள்கிறது. நாற்றுப் பண்ணை வைத்துக் காட்டை மீட்டுவருகிறார்கள்.

உலகப் பத்திரிகைகள் கொண்டாடிய ஊர் இது. கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் அந்தக் கட்டுரைகளில் பலவற்றில் விடுபட்டது, சேரான் அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பும் ஊர் என்பது. வேலையும் வியாபாரமும் முடங்கிய தடுப்பு நாட்களில் அமெரிக்காவில் இருந்த ஊர்க்காரர்கள் அனுப்பிய பணமும் அடுப்பெரித்தது. இதைச் சேர்த்தால் ‘ஓடாமல் நின்றவர்கள்’ என்ற தலைப்பு கொஞ்சம் ஆட்டம் காணும், அதனால்தான் சேர்ப்பதில்லை என்று சந்தேகிக்கலாம்.

ஒவஹாகா மாநிலத்தில் இந்தப் பின்னல் இன்னும் வெளிப்படை. அங்கே 570 நகராட்சிகளில் 400-க்கும் மேற்பட்டவை மரபு வழக்கப்படி நிர்வாகம் நடத்துகின்றன. ஊர்ப் பதவிகளைச் சம்பளமில்லாமல் முறைவைத்து ஏற்க வேண்டும், ‘தெகியோ’ எனும் பொதுவேலைக்கு உடலுழைப்புத் தர வேண்டும். கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெர்ரி பறிக்கும் ஒருவருக்கு இந்த ஆண்டு உன் முறை என்று ஊரிலிருந்து அழைப்பு போகும். வந்து ஓராண்டு உழைக்க வேண்டும், அல்லது தனக்குப் பதில் ஆள் போட்டுக் கூலி கொடுக்க வேண்டும். மறுத்தால் நிலத்திலும் ஊர்க்கூட்டத்திலும் உரிமை போகலாம். ஆவணமற்றவர் வந்தால் திரும்பிப் போக மறுபடி பாலைவனம். இவர்களுடைய அமைப்புகள் வைத்த கோரிக்கையில் ஊடகச் சட்டகம் இரண்டுமே அடிபடுகிறது: குடிபெயரும் உரிமையைப் போலவே குடிபெயராமல் இருக்கும் உரிமையும் வேண்டும்.

ஒரு செய்தியை எடுத்துப் பிரிப்பது

கையில் ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பை விட்டுவிட்டு வினைச்சொற்களுக்கு அடிக்கோடு இடுங்கள். புகுந்தனர், குவிந்தனர், பிடிபட்டனர் என்று மட்டும் இருந்தால் அது எல்லைச் சட்டகம். கட்டினார், அனுப்பினார், மீட்டனர் என்றால் நாயகச் சட்டகம். பணியமர்த்தினார், மறுத்தது, ரத்து செய்தது என்று முதலாளியையும் அரசையும் எழுவாயாகக் கொண்ட வினை ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் என்ட்மன் சொன்ன ‘காரணம்’ என்ற இடம் காலியாகக் கிடக்கிறது, வாசகரே அதை நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

அடுத்து, செய்தியில் வரும் மிகப் பழைய ஆண்டைப் பாருங்கள். நடப்பு ஆண்டுக்குப் பின்னால் போகவே இல்லையா? மேற்கோள் காட்டப்பட்டவர்களை எண்ணுங்கள். அதிகாரி, அரசியல்வாதி, வேலியோரப் பண்ணைக்காரர் எத்தனை பேர், போனவர் எத்தனை, ஊரில் இருக்கும் அவர் வீட்டார் எத்தனை? வீட்டார் பேசும் செய்தி மிகக் குறைவு. அவர்கள் பேசினால்தான் போனவரும் நின்றவரும் ஒரே குடும்பம் என்பது வெளியே வரும். படம் எடுத்த ஆண்டையும் இடத்தையும் அடிக்குறிப்பில் தேடுங்கள். பழைய கோப்புப் படமாக இருப்பது அடிக்கடி.

எண் இருந்தால், தடவையா ஆளா, எந்த நிதியாண்டு, எந்த நாட்டவர், திரும்பியவர் கழிக்கப்பட்டாரா என்ற நான்கையும் கேளுங்கள். விடைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லைப் பதிவுகளை அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறை மாதாமாதம் நாட்டுவாரியாக வெளியிடுகிறது. ஊருக்கு வரும் பணத்தை மெக்சிகோ மத்திய வங்கி மாதந்தோறும் மொத்தமாகவும், மூன்று மாதத்துக்கொருமுறை மாநிலவாரியாகவும் தருகிறது. குடும்ப விசா வரிசை எந்தத் தேதியில் நிற்கிறது என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் மாத அறிக்கையில் மெக்சிகோவுக்கான தனிக் கட்டத்தில் பார்க்கலாம். மாநிலவாரிக் கணக்கில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்துவிட்டு, செய்தியில் வரும் ஊர் அந்த மாநிலத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், நிருபர் கேட்காமல் விட்ட கேள்வி என்ன என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.